முப்பத்தொன்றாவது படம்

தம்பி, தப்பா நினைக்காதீங்க, எட்டிப் பார்க்கலை, கண்ணுல பட்டுருச்சு. போன்ல ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசு பண்ணிப் பார்க்கிறீங்களே, அது பி.டி.எஃப். தானே? ஏதோ ஆர்டர் காப்பி. நினைச்சேன். கோணலா ஸ்கேன் பண்ணியிருக்கான் பாருங்க, ஓரத்துல அந்த ஆளோட கட்டைவிரல்கூட விழுந்திருக்கு. உங்களுக்குக் கண்ணு இருக்கு, படிச்சிருவீங்க. கண்ணு தெரியாத ஒருத்தர் இதைக் கம்ப்யூட்டர்ல போட்டா அது என்ன சொல்லும் தெரியுமா? "காலிப் பக்கம்"னு சொல்லும். முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு, பக்கம் முழுக்க விஷயம் இருக்கு, அது காலின்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிரும். ஏன்னா இது எழுத்தே இல்லை, எழுத்தோட போட்டோ.

மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான். ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்குங்க, திருமயம் தாண்டினா புழுதி.

எனக்குப் புதுக்கோட்டையில கோர்ட்டுக்கு எதிர்ல டி.டி.பி. கடை. அம்பலவாணன்னா வக்கீல் குமாஸ்தா எல்லாருக்கும் தெரியும். ஆனா என்னோட உண்மையான வேலை அது இல்லை. என் தங்கச்சிக்கு எல்லாத்தையும் படிக்கிற மாதிரி பண்ணிக் குடுக்கிறது, அதுதான் என் வேலை. வடிவழகின்னு பேரு. வடிவுன்னு கூப்பிடுவோம். ஆறு வயசுல காய்ச்சல் வந்து பார்வை போயிருச்சு. அவ கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன் ரீடர்னு ஒண்ணு இருக்கு, திரையில இருக்கறதை அவளுக்கு வாசிச்சுக் காட்டும். ஆனா அது சொன்னதைச் சொல்ற ஆளு. உள்ளே ஒழுங்கா எழுதி வைக்கலைன்னா உளறிக் கொட்டும். ரெண்டு பத்தியா அச்சடிச்ச பக்கத்தை இந்தப் பத்தியில ஒரு வரி, அந்தப் பத்தியில ஒரு வரின்னு கலந்து வாசிக்கும். அட்டவணையைக் குடுத்தா வெறும் நம்பரா ஒப்பிக்கும், எந்த நம்பர் எதுக்குன்னு தெரியாது. பழைய ஃபான்ட்ல அடிச்ச தமிழா இருந்தா கேக்கவே வேண்டாம், பார்க்கத் தமிழ், உள்ளே வெறும் இங்கிலீஷ் எழுத்து. சாமி வந்த மாதிரி கத்தும்.

அதையெல்லாம் ஒருத்தன் உட்கார்ந்து சரி பண்ணணும். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை, முதல்ல இதை வாசி, பிறகு அதை வாசின்னு ஒவ்வொண்ணுக்கும் உள்ளே அடையாளம் வைக்கணும். படம் இருந்தா அதுல என்ன இருக்குன்னு வார்த்தையில எழுதணும். பார்டர், பூ, கோடு இதையெல்லாம் "அலங்காரம்"னு குறிச்சு விடணும். அப்படிக் குறிச்சா ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போயிரும். தாள்ல இருக்கும், காதுல விழாது. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலை தம்பி, ராவும் பகலும் நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டேன். பதினோரு வருஷம். அவளோட எம்.ஏ. பாடப் புத்தகம் பூராவும் நான் பண்ணினது. வேலை ஆர்டர், பேங்க் கடுதாசி, கரண்ட் பில்லு, கல்யாணப் பத்திரிகை, எதா இருந்தாலும் என் கை வழியாத்தான் அவ காதுக்குப் போகும். ஒரு கமா தவறினதில்லை. நான் பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

நான் கல்யாணம் பண்ணிக்கலை. அவளுக்காகத்தான். ரெண்டு மூணு இடம் பார்த்தாங்க, அவங்களுக்கு என்னைப் பிடிக்கலை, அது வேற விஷயம், விடுங்க. அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? சமைப்பா, அது சரி. எனக்கும் சேர்த்து அவதான் சமைப்பா. காலேஜுக்கு பஸ்ஸுல அவளே போய்ட்டு வருவா, தமிழ் லெக்சரர். என் பிரஷர் மாத்திரையைக்கூட அவதான் எடுத்து வைப்பா. ஆனாலும் நான் இல்லாம அவளால முடியாது. படிக்கணும்னா நான் வேணுமில்ல?

போன ஆடி மாசம் ஹைதராபாத்துல இருந்து அவ பேருக்கு ரெஜிஸ்டர் தபால் வந்துச்சு. பெரிய நிறுவனம், பேரு வேண்டாம். கம்ப்யூட்டர் தமிழ்ல வாசிக்குதே, அந்தக் குரலைத் தயார் பண்ற இடம். எங்கே நிறுத்தணும், எங்கே ஏத்தி இறக்கிச் சொல்லணும்னு உக்காந்து கேட்டுத் திருத்தற வேலை. கண்ணு தெரியாத, தமிழ் படிச்ச ஆளுதான் வேணும்னு தேடி இவளை எடுத்திருக்காங்க. இன்டர்வியூவுக்குத் தனியாத்தான் போய்ட்டு வந்தா. அது ரெண்டு நாள் தம்பி. ரெண்டு நாள் போறது வேற, குடியிருக்கிறது வேற.

தபால் என் கடை விலாசத்துக்குத்தான் வந்துச்சு. நான்தான் பிரிச்சேன். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம். உங்களைத் தேர்வு பண்ணியிருக்கோம், சம்பளம் இவ்வளவு, இந்தந்தச் சான்றிதழ் கொண்டு வாங்கன்னு. ரெண்டாவது பக்கத்துல கீழே, முத்திரைக்கு மேல அஞ்சு வரி. சம்மதம்னு இருபதாம் தேதிக்குள்ள எழுதி அனுப்பணும், இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு.

அவளுக்கும் போன்ல தாளைக் காட்டினா வாசிக்கிற ஆப் எல்லாம் இருக்கு. தெரியாதவ இல்லை. "அது கெடக்குது கழுதை, முத்திரை கையெழுத்து வந்தா மென்னு முழுங்கும், அண்ணன் பண்ணினாத்தான் எனக்குத் திருப்தி"ன்னு சொல்லுவா. கடையில வர்றவங்க முன்னாடியே சொல்லுவா.

அன்னைக்கு சாயங்காலம் உட்கார்ந்து வழக்கம் போலப் பண்ணினேன். ஸ்கேன் எடுத்து, எழுத்தா மாத்தி, ஒரு எழுத்து பிசகாம ஒப்பு நோக்கி, தலைப்பு, பத்தி, சம்பள அட்டவணை, எல்லாத்துக்கும் அடையாளம் வச்சு. முத்திரையை அலங்காரம்னு குறிக்கப் போனேன். மவுஸ் கையில இருக்கு. அந்த அஞ்சு வரியையும் சேர்த்து இழுத்து ஒரு க்ளிக். அவ்வளவுதான்.

நான் எதையும் அழிக்கலை தம்பி. அதை நீங்க கவனிக்கணும். தாள்ல இருக்கு. ஃபைலைத் திறந்து பார்த்தா திரையிலயும் அப்படியே இருக்கு. கண்ணு இருக்கற யாரு பார்த்தாலும் படிக்கலாம். நான் யாருகிட்டயும் எதையும் மறைக்கலை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவ அதைக் கேட்டா. ரெண்டு தடவை கேட்டா. என் கையைப் புடிச்சுக்கிட்டு "அண்ணே, கிடைச்சிருச்சுண்ணே"ன்னா. உடனே ரவையை எடுத்துக் கேசரி கிண்டினா. நானும் சாப்பிட்டேன். எப்போ சேரணும்னு அடுத்த கடுதாசியில சொல்லுவாங்க போலன்னு அவளே சொல்லிக்கிட்டா. நான் ஆமாங்கலை, இல்லைங்கலை. கேசரியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

பிறகு தினமும் அதே பேச்சு. அங்கே பாஷை கத்துக்கணும்ண்ணே, இங்கேயிருந்து அம்மி கொண்டு போக முடியாதுல்லண்ணே. பதினெட்டாம் தேதி, துணி மடிச்சுக்கிட்டே சொல்றா, "அண்ணே, நீயும் வந்துரு. ரெண்டு ரூம் வீடாப் பார்ப்போம். ஒண்ணுல நீ கம்ப்யூட்டரைப் போட்டுக்க. உன் வேலைக்கு அங்கே மதிப்பு ஜாஸ்தி. அங்கே இருக்கறவங்ககிட்ட எல்லாம் உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்"னு.

பதினெட்டாம் தேதி. கடைசி நாளு இருபது. ரெண்டு நாள் இருந்துச்சு தம்பி. ஒரு க்ளிக் போட்டா அந்த அஞ்சு வரி திரும்ப வந்துரும். ஆனா எப்படிச் சொல்றது? நேத்து வரைக்கும் இல்லாத வரி இன்னைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாளே. கூட வான்னு கூப்பிடறவகிட்ட அதைச் சொல்ல வாய் வரலை. பார்க்கலாம், பார்க்கலாம்னு இருந்தேன். இருபது போயிருச்சு. இருபத்தொண்ணும் போயிருச்சு.

அடுத்த மாசம் அவளே அவங்களுக்கு போன் போட்டுக் கேட்டுட்டா. நீங்க சம்மதம் அனுப்பலையே, வேற ஒருத்தங்க சேர்ந்து பத்து நாளாச்சேன்னுட்டாங்க. கடுதாசியில அப்படி எதுவும் இல்லையேன்னு இவ சண்டை போட்டிருக்கா. என்னை நம்பி சண்டை போட்டிருக்கா. அவங்க, ரெண்டாவது பக்கம் கீழே பாருங்கன்னு சொல்லியிருக்காங்க. இவ அட்டை ஃபைலுக்குள்ள பத்திரமா வச்சிருந்த அந்தத் தாளை எடுத்துக்கிட்டுப் போய் அவகூட வேலை பார்க்கிற ஆரோக்கியமேரி டீச்சர்கிட்ட நீட்டியிருக்கா. அந்தம்மா அந்த அஞ்சு வரியை வாசிச்சுக் காட்டியிருக்காங்க. பிறகு கம்ப்யூட்டர்ல ஃபைலைத் திறந்து, உள்ளே அடையாளம் எப்படி வச்சிருக்குன்னும் பார்த்திருக்காங்க.

அன்னைக்குப் பட்டப்பகல்ல கடைக்கு வந்தா. ரெண்டு குமாஸ்தா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க போற வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. பிறகு மெதுவா, "அண்ணே, அந்த அஞ்சு வரி தவறிப் போச்சா?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான் தம்பி கேட்டா. ஆமாம்மா, முத்திரையோட சேர்ந்து தவறிப் போச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அழுதிருப்பா, நானும் அழுதிருப்பேன், வீட்டுக்குப் போயிருப்போம். அதுக்காகத்தான் அவ அப்படிக் கேட்டான்னு இப்போ தெரியுது. அப்போ எனக்கு எங்கேயிருந்து வந்துச்சோ தெரியலை, சுள்ளுன்னு வந்துச்சு. "என் வேலையில தவறுமா? பதினோரு வருஷத்துல ஒண்ணு தவறியிருக்கா, சொல்லு"ன்னு கேட்டுட்டேன்.

"இல்லண்ணே, தவறினதே இல்லை"ன்னா.

எழுந்திரிச்சுப் போயிட்டா. என்னை ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நூறு காரணம் வச்சிருந்தேன். பாஷை தெரியாத ஊரு, ரோடு, வண்டி, உடம்புக்கு வந்தா யாரு பார்ப்பா. அவ கேக்கலை. நான் வீட்டுக்குப் போறப்ப ஆட்டோ நிக்குது. தானே பெட்டி கட்டி, தானே ஆட்டோவுக்குப் பேசி, குழம்பை இறக்கி மூடி வச்சிட்டு, கிளம்பிட்டா. மாத்திரை டப்பா எங்கேன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா. மதுரையில ஒரு காலேஜ்ல இப்போ வேலை. அந்த டீச்சர் ஊரும் மதுரைதான், ஞாயித்துக்கிழமையானா இவ ஹாஸ்டலுக்கு வந்துருவாங்க.

மூணு மாசமாச்சு. என் போனை எடுக்கறதில்லை. டீச்சர்தான் எனக்குத் தகவல். அந்தம்மாவை முதல்ல நான் நல்லாத் திட்டினேன், குடும்பத்தைப் பிரிச்சிட்டியேன்னு. அவங்க பொறுமையா, "சார், அவ என்ன பண்றா தெரியுமா? பதினோரு வருஷமா நீங்க பண்ணிக் குடுத்த ஃபைல் எல்லாத்தையும் முதல்ல இருந்து எடுத்து வச்சிருக்கா. புத்தகத்தை விட்டுட்டா. அவளுக்குன்னு வந்த கடுதாசி, சான்றிதழ், பத்திரிகை, எல்லாம். அவ கம்ப்யூட்டர் வாசிக்கிறதைக் கேக்கறா, நான் திரையைப் பார்த்து வாசிக்கிறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கிறா"ன்னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவ, என் வேலையை வரிவரியா சோதிக்கிறா. கோவம் வந்துச்சு. சோதிச்சுக்கட்டும்னு விட்டேன். ஏன்னா ஒண்ணும் கிடைக்காது. அந்த ஒண்ணே ஒண்ணுதான். மத்ததெல்லாம் சுத்தம்.

வாரா வாரம் டீச்சர் சொல்லுவாங்க. ரெண்டாயிரத்துப் பதினாலாம் வருஷத்து ஃபைல் முடிஞ்சது சார், ஒரு தப்பு இல்லை. பதினஞ்சு முடிஞ்சது, ஒண்ணும் இல்லை. ஒவ்வொண்ணு முடியவும் அவ முகம் இளகுது சார்னாங்க. போன ஞாயித்துக்கிழமை பதினேழும் முடிஞ்சிருச்சாம். அன்னைக்கு அவ டீச்சர்கிட்ட, "அந்த ஒண்ணு மட்டும்தான்னா, நான் வீட்டுக்குப் போயிருவேன் டீச்சர். ஒண்ணை மன்னிச்சிரலாம்"னு சொன்னாளாம். நான் கடையிலயே உட்கார்ந்து அழுதேன். குமாஸ்தா ஒருத்தர் சோடா வாங்கிட்டு வந்தார்.

அடுத்து பதினெட்டாம் வருஷம். அதை நினைச்சதும் சோடாவைக் கீழே வச்சிட்டேன்.

எங்க அப்பா இறந்தது அந்த வருஷம் தை மாசம். அவர் கெட்டவர் இல்லை. ஆனா வடிவுக்குக் கண்ணு போனதுல இருந்து அவளை வெளியே கூட்டிட்டுப் போகமாட்டார். நாலு பேரு பார்ப்பாங்கன்னு. காலேஜுக்குப் போறேன்னு அவ நின்னப்ப பேச்சை நிறுத்தினவர்தான். ஒரே வீட்டுல, சாகற வரைக்கும் அவகிட்டப் பேசலை. அவ எம்.ஏ.ல மெடல் வாங்கினா. பட்டமளிப்புக்குப் போகலாம் வாங்கப்பான்னு நான் கூப்பிட்டேன். "மேடையில அவ தடவித் தடவி ஏறுறதை நான் பார்க்கணுமா?"ன்னுட்டு ரேடியோவைத் திருப்பி வச்சுக்கிட்டார். நான் மட்டும் போய் போட்டோ எடுத்தேன்.

அவர் காரியம் முடிஞ்ச பிறகு வடிவு, "அண்ணே, வீட்டுல இருக்கற போட்டோ எல்லாத்தையும் ஒரு பி.டி.எஃப். ஆல்பமாப் போட்டு, ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு எழுதிக் குடு"ன்னா. நாப்பத்திரண்டு படம். எழுதினேன். ரசிச்சு எழுதினேன். அவ பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, "ஆறு வயசுக்குப் பிறகு அப்பா என்கூட எந்தப் படத்துலயாவது இருக்காராண்ணே?"ன்னு கேட்டா.

தேடினேன் தம்பி. நாப்பத்திரண்டையும் மறுபடி தேடினேன். ஒண்ணுலகூட இல்லை.

முப்பத்தொண்ணாவது படம் பட்டமளிப்பு விழா. இவ மேடையில மெடலோட நிக்கிறா. மண்டபம் பூராவும் தெரியுது. அதுக்கு நான் எழுதினேன்: "கடைசி வரிசைக்குப் பின்னால், தூணுக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். வெள்ளைச் சட்டை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்."

அவ அதைக் கேட்ட அன்னைக்கு நீங்க பார்த்திருக்கணும். வந்தாரா, வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நீ ஏன் அப்பவே சொல்லலைன்னு என்னை அடிச்சா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்மான்னேன். அன்னைக்கு மட்டும் அந்தப் படத்தை நாப்பது தடவையாவது போட்டுக் கேட்டிருப்பா. அதுக்குப் பிறகுதான் அவ அப்பாவுக்குத் திதி அன்னைக்குப் படையல் போட ஆரம்பிச்சா. ஏழு வருஷமாப் போடறா. நான் கணக்குல இதைச் சேர்க்கவே இல்லை தம்பி. அவளுக்கு நல்லதுன்னு எழுதினது எப்படித் தப்புல சேரும்? அந்த அஞ்சு வரிகூட அவளுக்கு நல்லதுன்னுதான்… சரி, விடுங்க.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு உட்காருவாங்க. அதுக்குள்ள போயி, நானே அவ கையைப் புடிச்சுச் சொல்லிரணும்னு முதல் பஸ்ஸுக்கு வந்தேன், அது போயிருச்சு. இந்த வண்டி என்னடான்னா ஆளுக்கு ஆளு நிறுத்தி ஏத்துறான். மேலூர் வந்துருச்சா?

ஒரு நிமிஷம். போன் அடிக்குது. டீச்சர்தான்.

சொல்லுங்க டீச்சர்… பஸ்ஸுலதான் இருக்கேன், அங்கேதான் வர்றேன்… என்ன, ஆரம்பிச்சிட்டீங்களா? பத்து மணிக்குன்னு… சீக்கிரம் முடிச்சிரலாம்னு அவளே சொன்னாளா… சரி… எந்தப் படம்?… இருங்க டீச்சர். ஒரு நிமிஷம். வச்சிராதீங்க, இருங்க.

தம்பி, கையால பொத்திக்கிட்டேன், அவங்களுக்குக் கேக்காது. தூணுக்குப் பக்கத்துல யாருமே இல்லையே சார், படத்தை ஏதும் மாத்தி வச்சிட்டீங்களான்னு கேக்கறாங்க. ஆமா, தவறிப் போச்சு, மாத்தி வச்சிட்டேன்னு இப்போ சொல்லலாம். இந்தத் தடவை எனக்கு வாய் வரும். ஆனா பின்னாடி அவ குரல் கேக்குது. மூணு மாசமாச்சு தம்பி நான் அந்தக் குரலைக் கேட்டு.

"நல்லாப் பாருங்க டீச்சர்"ங்கிறா. "அப்பா நிக்கிறார்னு அண்ணன் எழுதியிருந்தா நிப்பார். அண்ணன் இதுல எல்லாம் தப்பா எழுதாது"ங்கிறா.

போன் கட் ஆகலை. ரெண்டு பேரும் இன்னும் அந்தத் தூணுக்குப் பக்கத்துல தேடிக்கிட்டிருக்காங்க.